புல்வெளியும் மாடவீதியும்

லண்டன் கிரீன் பார்க்கில் 1749 ஏப்ரல் 27ஆம் தேதி பெரிய வாணவேடிக்கை நடந்தது. எட்டு ஆண்டுப் போர் முடிந்து சமாதானம் வந்ததற்கான கொண்டாட்டம் அது. இசைக்குப் பொறுப்பு ஹாண்டல். மன்னர் இரண்டாம் ஜார்ஜிடமிருந்து வந்த விருப்பம் ஒன்றுதான்: படை வாத்தியங்கள் இருக்கட்டும், பிடில் வேண்டாம். ஹாண்டல் முரண்டு பிடித்துப் பார்த்தார். கடைசியில் 24 ஓபோ, 12 பஸூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், மூன்று ஜோடி முரசு என்று எழுதிக் கொடுத்தார். ஆறு நாள் முன்னால் வாக்ஸால் தோட்டத்தில் நடந்த ஒத்திகைக்கே 12,000 பேருக்கு மேல் திரண்டார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. லண்டன் பாலத்தில் வண்டிகள் மூன்று மணி நேரம் நகரவில்லையாம். பிடில்கள் சேர்ந்தது அடுத்த மாதம், அதே இசையை ஒரு கூரைக்குக் கீழே மறுபடி வாசித்தபோது.

மன்னர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். வெட்டவெளியில் எது நிற்கும், எது கரைந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தந்தி வாத்தியம் சுவரையும் கூரையையும் நம்பி வாழ்வது. மூச்சால் நாணலை அதிர வைக்கும் வாத்தியத்துக்கு அந்த ஆதரவு தேவையில்லை. ஓபோவின் வாயில் இருப்பது இரட்டை நாணல். நம் நாயனத்தின் வாயில் இருக்கும் சீவாளியும் அதே இனம். உறவுமுறை சொல்லிப் பார்த்தால், ஜார்ஜ் மன்னர் பூங்காவுக்குக் கேட்டது 24 நாயனமும் அதற்குத் தக்க மேளமும்.

இந்தக் கதையை இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பிறகு, சிம்பொனி பற்றிய பேச்சு எங்கள் பாலவாக்கத்துத் தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. நியூயார்க்கில், வியன்னாவில் பூங்காவில் உட்கார்ந்து இலவசமாக ஆர்க்கெஸ்ட்ரா கேட்கிறார்களே, சென்னையில் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று நண்பர்கள் ஆதங்கத்தோடு கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியோடு கூட இன்னொன்றையும் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தருகே, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோவிலில், பங்குனி உற்சவத்தில் சாமி புறப்படும்போது நாலு மாடவீதியிலும் நாகஸ்வரம் ஒலிக்கிறது. அதுவும் வெட்டவெளிச் சங்கீதம், அதற்கும் டிக்கெட் இல்லை. அந்தப் புல்வெளியையும் இந்த மாடவீதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டைப் பற்றியும் புதிதாகச் சில விஷயங்கள் தெரிகின்றன.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் பூங்காக் கச்சேரிகள் 1965 ஆகஸ்டில் தொடங்கின. சென்ட்ரல் பார்க்கின் ஷீப் மெடோ புல்வெளியில் முதல் கச்சேரி. அதற்கு முன்னாலும் அந்த ஊரில் திறந்தவெளிக் கச்சேரி உண்டு. லூயிசோன் ஸ்டேடியத்தில் 1918 முதல் கோடைதோறும் குறைந்த கட்டணத்தில் நடந்தது. 1965இல் மாறியது என்னவென்றால், ஆர்க்கெஸ்ட்ரா தானே மக்கள் இருக்கும் பேட்டைகளுக்குப் போனது. சென்ட்ரல் பார்க், பிராங்க்ஸில் வான் கோர்ட்லாண்ட் பார்க், குயின்ஸில் கன்னிங்ஹாம் பார்க், புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க் என்று கோடையில் ஒரு சுற்று. கொரோனா காலத்தில் நின்றதும் மறுபடி தொடர்ந்ததும் உண்டு. ஒரு நகரத்தின் நாட்காட்டியில் இப்படி ஓர் இசைச் சுற்று அறுபது ஆண்டுகளாக இடம் பிடித்திருப்பது சாதாரண விஷயமில்லை.

அதன் உச்சம் 1986 ஜூலை 5. சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டிச் சென்ட்ரல் பார்க்கின் கிரேட் லான் புல்வெளியில் நடந்த கச்சேரிக்கு வந்தவர்கள் எட்டு லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். நடத்தியவர் நம் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா. அவரே 2013 செப்டம்பர் 7ஆம் தேதி ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்தார். மொகலாயத் தோட்டத்தில், மலையடிவாரத்தில், ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ரா. அங்கே வந்தவர்கள் அழைக்கப்பட்டவர்கள். சென்ட்ரல் பார்க்கின் சிறப்பே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதுதான்.

உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு ஜூன் மாதம் நானும் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கே விரிப்புகள் விழுந்துவிட்டன. ரொட்டி, பழம், குழந்தைகள், நாய்கள். கச்சேரி எட்டு மணிக்கு. வாத்தியக்காரர்களை நெல்மணி அளவில்தான் பார்க்க முடிந்தது. முன்வரிசைப் பிடில்களின் வில் ஒரே சமயத்தில் எழுந்து இறங்குவது தெரிகிறது. அந்த ஒலி மட்டும் பக்கத்திலிருந்த கோபுரத்தின் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலி ஒரு விநாடியில் போவது ஏறக்குறைய 340 மீட்டர்தான். மேடையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நேர் ஒலி அரை விநாடிக்கு மேல் தாமதமாகவே வரும். அதனால் பின்னால் உள்ள ஒலிபெருக்கிகளையும் அதே அளவு தாமதப்படுத்தி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரே சுரம் இரண்டு தடவை காதில் விழும். அற்புதமான தொழில்நுட்பம். ஆனால் அறுபது எழுபது பேர் விரலால் செய்யும் நுணுக்கம் ஒரு பெட்டிக்குள் புகுந்து வெளியே வரும்போது, நெருங்கி நின்று கேட்பது போன்ற உணர்வு போய்விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இது அந்தக் கலைஞர்களின் குறை இல்லை. அவர்களுடைய வாத்தியங்கள் எந்த இடத்துக்காக வளர்ந்தன என்பதுதான் காரணம். வியன்னாவின் மூசிக்ஃபெரைன் போன்ற அரங்கில் ஒரு சுரம் நின்ற பிறகும் ஏறக்குறைய இரண்டு விநாடி அது சுவர்களில் உலவிக்கொண்டிருக்கும். சிம்பொனி எழுதியவர்கள் அந்த இரண்டு விநாடியையும் கணக்கில் வைத்துத்தான் எழுதினார்கள். திறந்தவெளியில் அது பூஜ்யம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஆறு டெசிபல் குறையும். திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. ஹாலிவுட் பவுல் போன்ற இடங்களில் மேடைக்குப் பின்னால் சங்கு வடிவில் கூடு கட்டியிருப்பது, தொலைந்த அறையில் ஒரு பகுதியையாவது மீட்பதற்குத்தான். அதற்கும் மேலே ஒலிபெருக்கி வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பூங்கா ஆர்க்கெஸ்ட்ரா என்பது அறைக்குப் பிறந்த இசை, வருடத்தில் சில நாள் பெருந்தன்மையோடு வெளியே வந்து மக்களோடு உட்கார்வது.

நாயனத்தின் கதை நேர் எதிர்த்திசையில் போகிறது.

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், தூண் இவற்றைத் தேடிப் பிடிப்பார்கள். பல பத்தாண்டுகள் வெயிலும் காற்றும் பட்டு ஈரம் முழுக்கப் போன மரமாக இருக்க வேண்டும். சீவாளிக்குக் காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் கொறுக்கைத் தட்டை. அந்தச் சீவாளியைக் கெண்டையில் செருகி, உதட்டில் வைத்து ஊதும்போது எழும் ஒலி கீழே அணைசு வழியாக விரிந்து வெளியேறுகிறது. பக்கத்தில் தவில்: பலாமரத்துக் கட்டை, வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் கழி. இந்த இரண்டையும் ஓர் அறைக்குள் பத்தடி தூரத்தில் வைத்துக் கேட்டால் காது வலிக்கும். தேரடியில் நின்று கேட்டால் நெஞ்சு நிறையும். நாலு பக்கமும் திறந்த வெளி, அசைகிற கூட்டம், வாணம், மணி, கோஷம் இவற்றுக்கு நடுவே ஒரு ராகத்தை அடையாளம் குலையாமல் கொண்டு சேர்ப்பதற்கென்றே செய்த வாத்தியங்கள் இவை.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு வாத்தியம் இருந்தது. ஓபோவின் மூதாதையான ஷாம், கோட்டை மதிலிலும் ஊர்வலத்திலும் டிரம்பெட்டோடு சேர்ந்து ஊதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக்குள் அது நுழைந்தபோது துளையைக் குறுக்கி, சத்தத்தை அடக்கி, பிடிலோடு ஒத்துப்போகும்படி மாற்றினார்கள். அதுதான் ஓபோ. இன்று ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும்போது முதலில் சுரம் கொடுப்பது அதுதான். ஆனால் தெருவில் அதற்கு வேலை இல்லை. நம் பக்கத்திலும் ஏறக்குறைய அதே திசையில் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி உயரம், ஒலி கூர்மை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனத்தை மேடைக்குக் கொண்டு வந்தார். சுருதி இறங்கியது, குரல் கனத்தது. சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டார். நின்றுகொண்டே ஊத வேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து மேடையில் உட்கார்ந்தார். கிராப்பு, ஷெர்வானி, எல்லாமே அந்த மறுப்பின் பகுதி. தன் கலைக்குரிய மரியாதையை அவர் கேட்டு வாங்கினார்; அதற்கு அவர் போன வழி மேடை, சபா, மைக்.

அவர் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய மனிதர்கள் வீட்டு விசேஷத்தில் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டி, மணிக்கணக்கில் நின்று வாசித்த தலைமுறைக்கு மேடை என்பது விடுதலை. ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. கூரைக்குக் கீழே வந்ததும் நாயனம் பாட்டுக் கச்சேரியோடு ஒப்பிடப்பட்டது. அந்த ஒப்பீட்டில் அது எப்போதும் சத்தமானதாகவே தெரிந்தது. இன்றைக்கும் மார்கழி சபாக்களில் நாகஸ்வரம் என்றால் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கள இசை, நேரம் குறைவு, நாற்காலிகள் காலி. ஆச்சா மரமும் தவிலும் குளிரூட்டிய அரங்கில் நம்மோடு சமரசம் செய்துகொள்கின்றன. நாம் அவற்றோடு செய்துகொள்வதில்லை.

இப்போது மாடவீதிக்கு வருவோம். கேட்பவர் அசையாமல் இருக்க, இசையும் அசையாமல் இருப்பது புல்வெளி. மாடவீதியில் இசை நடக்கிறது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது; தாளமும் தத்தகாரமும் சேர்ந்த வாத்திய உருப்படி. தேருக்குத் தேர் மல்லாரி, திருமஞ்சனத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் எடுத்து வரும்போது தளிகை மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று. கண்ணால் பார்க்காமலே காதால் கேட்டு, கோவிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெருக்கோடியில் இருப்பவர் சொல்லிவிடலாம். அதன் பிறகு வீதியில் ராக ஆலாபனை. இங்கேதான் இந்தக் கலையின் பெருமை இருக்கிறது. சாமி ஒரு சுற்று வர மணிக்கணக்காகும்; நிற்கும் இடமெல்லாம் தீபாராதனை, அடுத்த அடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. கீர்த்தனத்தை அப்படி நீட்ட முடியாது. ராகத்தை நீட்டலாம். ஒரு தோடியை, ஒரு கரகரப்பிரியாவை இரவெல்லாம் விரிக்கும் மனோதர்மம் தெருவின் அந்தப் பொறுமையில் வளர்ந்தது. பாட்டுக்காரர்களே நாயனத்தைக் கேட்டுத்தான் ஆலாபனை கற்றோம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அரங்கின் எதிரொலி சிம்பொனியை வளர்த்தது. புறப்பாட்டின் நீளம் ஆலாபனையை வளர்த்தது. இரண்டு பெரிய கலைகளுக்கும் இடம்தான் தாய்.

பூங்காவில் இல்லாத ஓர் ஒலி வசதியும் மாடவீதிக்கு இருந்தது. இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே அகலம் குறைந்த தெரு. ஒலி பக்கவாட்டில் சிதறாமல் தெரு நீளத்துக்கு ஓடும். இரவு நேரம் இன்னொரு துணை. பகலில் சுட்ட தரைக்கு மேல் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. ராத்திரி தரை குளிர்ந்ததும் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் தவழ்கிறது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம் புறப்படும்போது, கபாலீசுவரர் கோவிலின் நாலு வீதியும் உறங்காது. நாயனத்துக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் நடந்துகொண்டே கேட்கும் ரசிகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். நாயனக்காரரின் தோள் பக்கம் ஒட்டிக்கொண்டு, பிடி விழும் இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். எட்டு லட்சம் பேர் கூடிய கிரேட் லானில் கிடைக்காத நெருக்கம் அது.

ஆனால் இந்த ரசிகர்களுக்குப் பின்னால் வரும் கூட்டத்தைப் பற்றியும் உண்மை பேச வேண்டும். இன்று சென்னை மாடவீதியில் நாயனத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. விளக்குகளுக்கான ஜெனரேட்டர் வண்டி பக்கத்திலேயே உறுமிக்கொண்டு வருகிறது. அடியார் கூட்டங்கள் பக்தியோடு முழக்கும் கயிலாய வாத்தியம் முன்னால், கேரளத்திலிருந்து வரவழைத்த செண்டை மேளம் சில நாள் அதற்கும் முன்னால். ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல கலைதான். ஆனால் செண்டைக்கும் கயிலாய வாத்தியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காம்போதியை யார் கேட்பது? நாயனக்காரர் உதட்டில் ரத்தம் வர ஊதுகிறார். ஐந்தடி தள்ளி நிற்பவருக்கு விரல் அசைவது மட்டும் தெரிகிறது. வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் வெட்டவெளியிலேயே தோற்கிற காட்சி எனக்குத் தாங்கவில்லை. அதோடு, கேட்கிற கூட்டம் அங்கே எதிரில் இல்லை. எல்லோருடைய கண்ணும் வாகனத்தின் மேல், கையில் கைபேசி. நியூயார்க் புல்வெளியில் ஸ்பீக்கர் வழியாக வந்தாலும், அத்தனை பேரும் அந்த இசைக்காகவே வந்தவர்கள். சாப்பிட்டார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். மெதுநடைப் பகுதி வந்தபோது பேச்சு தானாக அடங்கியது. நாம் இழந்தது இதைத்தான்.

சம்பளம் பற்றி நீட்ட வேண்டாம். அங்கே நிரந்தரச் சம்பளமுள்ள வாத்தியக்காரர்கள், நன்கொடையாளர்கள், நகராட்சியின் ஒத்துழைப்பு. இங்கே ஒரு காலத்தில் கோவில் மானிய நிலம், மிராசு, உற்சவ உபயம். இன்று கோவிலில் குறைந்த ஊதியம், கல்யாண முகூர்த்தங்களில் கிடைப்பதுதான் வாழ்க்கை.

இரண்டு மரபும் ஒன்றையொன்று தொட்ட இடமும் சென்னைதான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் சம்ஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். அவைதான் நோட்டு சுரங்கள். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுகூட அவற்றில் இருக்கிறது. பிற்பாடு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் பாடிப் பாடி ஊரெல்லாம் பரப்பினார். நாயனக்காரர்கள் அதைக் கல்யாண ஊர்வலத்தில் ஊதினார்கள். வெளியில் வாசிக்கும் படைவாத்தியம், வெளியில் வாசிக்கும் நாயனம், இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை என்று அந்தக் காலத்து ஊதுகோல்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் பூங்காவில் சங்கீதமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. மயிலாப்பூர் லஸ்ஸிலுள்ள நாகேசுவர ராவ் பூங்காவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைக் இல்லாமல் இளம் பிள்ளைகள் பாடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். மைக் வருவதற்கு முன்னால் வித்துவான்கள் ஐந்து கட்டையில் பாடியதன் காரணம் அங்கே நின்றால் விளங்கும்: குரல் பத்தடிக்கு மேல் போக மறுக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், நகரத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கிராமியக் கலைகளைக் கொண்டு வந்தது. இடையில் நின்று 2023இல் மறுபடி வந்திருக்கிறது. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மக்களோடு சேர்ந்து பெசன்ட் நகர்க் கடலோரத்தில் விழா எடுத்தார்கள். மீனவர் குப்பத்தில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். அதைப் பற்றி வாதங்கள் நிறைய நடந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது, கடற்கரையில் மணலில் உட்கார்ந்து கேட்க ஆட்கள் வருவார்கள் என்பது நிரூபணமானதுதான்.

எதிர் உதாரணமும் எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் திறந்தவெளி நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். சாலை பல மணி நேரம் அடைத்துக்கொண்டது. மாபெரும் மைதானம், மாபெரும் ஒலிபெருக்கி, மாபெரும் கூட்டம் என்ற ஒரே வழியில்தான் வெளியில் இசை நடத்த முடியும் என்று நம் நகரம் நம்பத் தொடங்கிவிட்டது. சென்ட்ரல் பார்க்கைப் பார்த்து நகல் எடுக்கும் எந்த முயற்சியும் இந்தச் சென்னையில் அங்கேதான் போய் முடியும் என்று நான் அஞ்சுகிறேன். கிரேட் லான் புல்வெளியின் அளவு 13 ஏக்கர். நாகேசுவர ராவ் பூங்காவில் அதற்கு இடம் ஏது?

அதனால் நியூயார்க்கிடமிருந்து வாங்க வேண்டியது ஆர்க்கெஸ்ட்ராவை அல்ல என்பது என் முடிவு. வருடந்தோறும் அதே பருவத்தில், பேட்டை பேட்டையாக, இலவசமாக, ஊரின் மிகச் சிறந்த கலைஞர்கள் மக்களைத் தேடிப் போகும் அந்த ஒழுங்கை வாங்கலாம். கேட்பதற்காகவே கூடி உட்காரும் பழக்கத்தை வாங்கலாம். வாத்தியம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு அறை வேண்டாம், கூடு வேண்டாம், தாமதப்படுத்திய ஸ்பீக்கர் கோபுரம் வேண்டாம். அதைத் தெரு இரைச்சலிலிருந்தும் காலி அரங்கிலிருந்தும் எடுத்து, அமைதியான ஒரு வெளியில் மக்கள் முன்னால் உட்கார வைத்தால் போதும்.

எங்கள் பாலவாக்கம் கடற்கரையை நினைத்துச் சொல்கிறேன். பருவம் தை, மாசி. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சீவாளி காய்ந்து மல்லுக்கட்டாது. ஆனால் அதே மாதங்களில் பங்குனி ஆமைகள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான மணலில் முட்டையிட வருகின்றன. மாணவர்கள் 1980களின் இறுதியிலிருந்து இரவில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அதனால் கண் கூசும் விளக்கு கூடாது, இரவு நீளக் கூடாது. நாலரை மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடலாம். மின்சாரமே தேவைப்படாத கச்சேரிக்கு அது நிபந்தனையே இல்லை.

மாலையில் காற்று கடலிலிருந்து வீசும். ஒலி, காற்று போகும் திசையில் கீழ்நோக்கி வளைந்து நன்றாகப் போகும். எதிர்த்திசையில் மேலே எழும்பி மறைந்துவிடும். எனவே மேடை கிழக்கே, கடல் பக்கம், ஜனங்கள் மேற்கே. அலைச் சத்தம் வாத்தியத்துக்குப் பின்னால் இருக்கும். மணல்மேடு கொஞ்சம் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் குறையும். தவில் நாயனத்துக்கு வலப்பக்கம், ஓர் அடி பின்தள்ளி. பெரிய மேடை தேவையில்லை, இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை போதும், நிழலுக்கு ஒரு பந்தல். கேட்பவர்கள் ஐந்நூறு பேர் வரை மைக் இல்லாமல் தாராளமாகக் கேட்கலாம்; அதற்கு மேல் வந்தால் அடுத்த வாரம் கொட்டிவாக்கத்தில் இன்னொன்று.

மல்லாரியைக் கோவிலுக்கே விட்டுவிடலாம், அது சாமி புறப்பாட்டுக்கு உரியது. மாலைக்குப் பூர்விகல்யாணி போல ஒரே ஒரு ராகம், முக்கால் மணி நேர ஆலாபனை, பிறகு ஒரு கீர்த்தனம், தனி ஆவர்த்தனம், கடைசியில் கேட்பவர்கள் கேட்டால் ஒரு நோட்டு. நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் சம்பாவனை, மார்கழியில் முன்னணிப் பாடகருக்குக் கொடுப்பதற்குச் சமமாக, கச்சேரி முடிந்த கையோடு.